பாதிக் கணக்கு: பழுப்பு நிலக்கரி நாட்டிலிருந்து ஒரு பார்வை

2025 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்தியாவின் மொத்த மின் நிறுவுதிறனில் சரிபாதி இப்போது புதைபடிவ எரிபொருளைச் சாராதது என்பதே அதன் சாரம். அவ்வாண்டு ஜூன் முடிவில் நாட்டின் நிறுவுதிறன் ஏறத்தாழ 4,84,800 மெகாவாட். அதில் 2,42,800 மெகாவாட் சூரியஒளி, காற்று, நீர், உயிர்த்திரள், அணு ஆகியவற்றைச் சார்ந்தது. பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் 2030ஆம் ஆண்டுக்கென இந்தியா ஏற்றுக்கொண்டிருந்த இலக்கு இது. ஐந்தாண்டுகள் முன்னதாகவே அதை எட்டியாகிவிட்டது. ஏழை நாடொன்று எட்டியது என்ற வகையில் பெருமைப்பட இடமுள்ள செய்திதான். ஆனால் இதே செய்தியைக் கம்மாபுரத்தில் இருந்துகொண்டு படித்தால் அதன் பொருள் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தின் வரலாற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

கம்மாபுரம் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையில் உள்ள ஓர் ஒன்றியத் தலைமையூர். விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலுக்காக அறிந்தவர் பலர். பீங்கான் பொருள்களுக்காக அறிந்தவர் சிலர். கம்மாபுரத்தின் பெயர் வெளியுலகுக்குத் தெரியவந்தது 1993இல் அங்குள்ள காவல்நிலையத்தில் நிகழ்ந்த ஒரு மரணத்தால். அவ்வழக்கை ஒட்டி 2021இல் வந்த திரைப்படத்தால். அந்தத் துயரக்கதை தனி. நம் கட்டுரைக்கு வேண்டியது இன்னொரு செய்தி. இவ்வட்டாரத்துக்கு வடகிழக்கே, அண்மையிலேயே, நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்கள் இருக்கின்றன. மழை பெய்தால் முந்திரியும் பலாவும் கம்பும் வரகும் விளையும் செம்மண் மேடும், அதையொட்டித் தாழ்ந்து செல்லும் நெல்வயல்களும் சேர்ந்த இந்த நடுநாட்டு நிலத்தின் அடியில்தான் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது.

அது அங்கே இருப்பது ஒரு கிணற்றின் வழியாகத் தெரியவந்தது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. நாற்பதுகளில் முறையான நிலவியல் ஆய்வுகள் நடந்தன. பவல் டஃப்ரின் என்ற பிரித்தானிய நிறுவனம் சுரங்கத்துக்கான திட்ட அறிக்கையைத் தயாரித்தது. அன்றைய சென்னை மாநிலத்தில் நிலக்கரி கிடையாது. வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இரயிலில் வரவேண்டும். அந்நிலையில் சொந்த மண்ணில் எரிபொருள் கிடைத்ததை முதலமைச்சர் காமராஜர் எவ்வளவு பெரிதாக எண்ணியிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1956 நவம்பரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவுபெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி தென்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது.

அந்தத் தலைமுறைக்கு நெய்வேலி ஒரு வெளிச்சம். இதை மறந்துவிட்டு இன்றைய சுற்றுச்சூழல் அறிவைக் கொண்டு அவர்களைக் குறைசொல்வது வரலாற்று முறையாகாது. தமிழகத்தின் கிராமங்களுக்கு மின்கம்பம் வந்ததிலும், கவலை ஏற்றத்தின் இடத்தில் பம்புசெட் அமர்ந்ததிலும் நெய்வேலிக்குப் பங்கு உண்டு. நிலம் கொடுத்தவர்களில் பலர் அதை நாட்டுக்கான கொடை என்றே கருதினர்.

ஆனால் இந்தக் கரி எளிதில் கிடைக்கும் கரி அன்று. அதற்கு மேலே ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை மண்ணும் கடினமான மணற்பாறையும் கிடக்கின்றன. அதற்குக் கீழே அழுத்தம் மிக்க ஊற்றுநீர். மேல்மண்ணை நீக்கினால் கீழுள்ள நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பொங்கிவிடும். எனவே சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவுபகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு டன் கரிக்காகப் பல டன் மண்ணை அள்ளி, பல டன் நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்த கரியிலும் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ கரி எரிகிறது. ஒரு கிலோவுக்கும் கூடுதலான கரியமில வாயு வானுக்குப் போகிறது. ஆக நெய்வேலியின் விலை மூன்று இடங்களில் செலுத்தப்படுகிறது: நிலத்தில், நிலத்தடி நீரில், வானில். முதல் இரண்டையும் சுற்றுவட்டாரம் தனியே செலுத்துகிறது. மூன்றாவதை உலகம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. உலக மாநாடுகளில் பேசப்படுவது மூன்றாவது மட்டுமே.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் வரலாறு இந்தியாவில் வேறொரு கவலையில் தொடங்கியது. 1973இன் எண்ணெய் நெருக்கடி அந்நியச் செலாவணியைக் கரைத்தது. மாற்று எரிசக்திக்கென 1981இல் ஓர் ஆணையமும், 1982இல் ஒரு துறையும், 1992இல் தனி அமைச்சகமும் உருவாயின. பருவநிலை என்ற சொல் அப்போது அந்தக் கோப்புகளின் மையத்தில் இல்லை. 1986இல் தூத்துக்குடியில் சோதனைக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைக் காடாயிற்று. காற்றின் மின்சாரத்தில் தமிழகம் நாட்டுக்கு முன்னோடி.

பருவநிலையை முன்வைத்த கொள்கை 2008 ஜூன் 30 அன்று வந்தது. மன்மோகன் சிங் அரசு எட்டு இயக்கங்கள் கொண்ட தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றான சூரியஒளி இயக்கம் 2010 ஜனவரியில் தொடங்கியது. 2022க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. 2015இல் மோடி அரசு அதை 1,00,000 ஆக உயர்த்தி, காற்று முதலியவற்றையும் சேர்த்து மொத்தம் 1,75,000 மெகாவாட் என்று நிர்ணயித்தது. 2022 முடிவில் எட்டியது சுமார் 1,20,000. இலக்கு தவறியது, ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எவரும் நம்பியிராத வளர்ச்சி அது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் 2030க்குள் 5,00,000 மெகாவாட் என்றும், 2070க்குள் நிகர உமிழ்வு சுழி என்றும் இந்தியா உறுதி கூறியது. அதே மாநாட்டின் இறுதி அறிக்கையில், நிலக்கரியை 'ஒழிப்பது' என்றிருந்த சொல்லைக் 'குறைப்பது' என்று மாற்றச்செய்ததும் இந்தியாவும் சீனாவும்தாம். ஒரு வினைச்சொல்லின் எடை என்ன என்பதை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம் உண்டு. 2010இல் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி ஆகியவற்றின்மீது டன்னுக்கு 50 ரூபாய் 'தூய ஆற்றல் மேல்வரி' விதிக்கப்பட்டது. 2014இல் அது 100, 2015இல் 200, 2016இல் 400 ஆயிற்று. கரியிலிருந்தே பணம் எடுத்துக் கரிக்கு மாற்றைத் தேடுவது என்பது அழகான எண்ணம். உலகிலேயே முன்னோடியான ஏற்பாடுகளில் ஒன்று என்றுகூடச் சொல்லலாம். 2017 வரை இவ்வாறு திரண்டது சுமார் 86,400 கோடி ரூபாய். அதில் தூய ஆற்றல் நிதிக்கு மாற்றப்பட்டது சுமார் 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,900 கோடி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது இந்த மேல்வரி நீங்கி, அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுசெய்யும் வரியாக மாறியது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டது. நெய்வேலியிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு டன்னும் அந்த ஆண்டுகளில் இந்தத் தொகையைச் செலுத்தியது. அந்தக் கரி கிடந்த ஊர்களின் மறுவாழ்வுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும் என்ற எண்ணம் அத்திட்டத்தின் நோக்கத்திலேயே இடம்பெறவில்லை.

இனி 2021 பிப்ரவரி 25ஆம் நாளுக்கு வருவோம். அன்று கோயம்புத்தூர் விழாவில் பிரதமர் மோடி நெய்வேலி நிறுவனத்தின் இரு திட்டங்களை ஒருசேர நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒன்று, 1,000 மெகாவாட் திறனுள்ள நெய்வேலி புதிய அனல்மின் நிலையம். அதன் செலவு சுமார் 8,000 கோடி ரூபாய். மற்றொன்று, திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் ஏறத்தாழ 2,670 ஏக்கரில் பரந்த 709 மெகாவாட் சூரியஒளி நிலையங்கள். செலவு சுமார் 3,000 கோடி. இந்தியாவின் பருவநிலைப் பயணத்தைச் சுருக்கிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

1962இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தின் திறன் 600 மெகாவாட். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020இல் அது முற்றிலும் ஓய்ந்தது. அதற்கு மாற்றாக வந்தது எது? புதிய நிலையம் கரியைச் சிக்கனமாக எரிப்பது உண்மை. ஆயினும் பழைய கரி நிலையத்தின் இடத்தில் அதைவிடப் பெரிய கரி நிலையமே அமர்ந்தது. சூரியஒளி யாருடைய இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டது.

நிறுவுதிறன் என்ற சொல் எவ்வாறு நம்மை ஏமாற்றக்கூடும் என்பதையும் இவ்விரு நிலையங்களைக் கொண்டே காணலாம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரவு, மேகம், காலை மாலை மங்கல் எல்லாம் போக, சூரியஒளி நிலையம் தன் முழுத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் தருவதாக வைத்துக்கொண்டால் 709 மெகாவாட்டிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 124 கோடி யூனிட். அனல்மின் நிலையம் முக்கால் பங்கு அளவுக்கு ஓடினால் 1,000 மெகாவாட்டிலிருந்து 657 கோடி யூனிட். நிறுவுதிறனில் சூரியஒளியின் பங்கு நூற்றுக்கு 41. உற்பத்தியிலோ நூற்றுக்கு 16. நாட்டின் கணக்கும் இதே அச்சில் வார்க்கப்பட்டதுதான். நிறுவுதிறனில் பாதி தூயது. ஆனால் நாம் நுகரும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் கரியிலிருந்தே வருகிறது. 2024-25இல் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி வரலாற்றில் முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. அதுவும் சாதனையாகவே கொண்டாடப்பட்டது.

நெய்வேலியில் இந்த இரட்டைப் போக்கு மேலும் தெளிவாகத் தெரிகிறது. 2016இல் அந்நிறுவனத்தின் பெயரிலிருந்து 'நெய்வேலி'யும் 'பழுப்பு நிலக்கரி'யும் நீங்கி, என்.எல்.சி. இந்தியா என்றாயிற்று. இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 1,000 மெகாவாட் சூரியஒளித் திறனை முதலில் எட்டியது இதுவே. 2025 ஜூலையில், பாதி இலக்கு எட்டப்பட்டதாக அறிவிப்பு வந்த அதே வாரத்தில், அதன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துணை நிறுவனத்தில் 7,000 கோடி ரூபாய் முதலிட மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. 2030க்குள் 10,000 மெகாவாட் என்பது இலக்கு. இன்னொரு பக்கத்தில், நெய்வேலியிலேயே மேலும் 1,320 மெகாவாட் பழுப்பு நிலக்கரி மின்சாரத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஒடிசாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் நிலக்கரி நிலையங்கள் எழுகின்றன.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் நிகழ்ந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் கால்வாயை வெட்டவேண்டியிருந்தது. கதிர் பிடிக்கும் பருவத்தில் நின்ற நெற்பயிருக்குள் மண்தோண்டும் எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்னரே அறிவுறுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பழைய விலைக்கும் இன்றைய விலைக்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது, வாக்களித்தபடி வேலை தரப்படவில்லை என்பது உழவர்களின் வாதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர ஆணையாயிற்று. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாடு நிகர சுழியை நோக்கிச் செல்வதாக உலகுக்கு உறுதி கூறி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், கரிக்காக விளைந்த வயலில் எந்திரம் இறங்கியது என்பதே இங்கே கவனத்துக்குரியது.

இந்தியாவின் தரப்பில் வலுவான நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஓர் இந்தியர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு சுமார் இரண்டு டன். உலகச் சராசரியில் அது பாதிக்கும் குறைவு. அமெரிக்கரின் அளவில் ஏழில் ஒரு பங்கு. வானத்தை நிரப்பியவர்கள் மேலை நாட்டார். அவர்கள் தர ஒப்புக்கொண்ட நிதி உரிய காலத்தில் வந்ததில்லை. மின்தேவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்கும் நாட்டில், இரவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் வசதி பெருகும்வரை கரி நிலையங்களை மூடிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் இந்த நியாயம் நாடுகளுக்கிடையே பேசப்படும் நியாயம். அதே அளவுகோலை நாட்டுக்குள்ளே திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்? பெருநகரத்தின் குளிர்சாதன அறைக்கு மின்சாரம். கம்மாபுரத்துப் பக்கத்து ஊருக்கு நிலமிழப்பும் நீரிழப்பும். உலக மாநாட்டில் இந்தியா மேலை நாடுகளிடம் கேட்கும் கேள்வியை இவ்வூர்கள் இந்தியாவிடம் கேட்க உரிமையுண்டு.

நெய்வேலியின் பெரும் சக்கர வெட்டு எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்நாட்டின் ரைன்லாந்து, லுசேஷியா பகுதிகளில் இத்தகைய எந்திரங்களே ஊர்களை விழுங்கின. 2023 ஜனவரியிலும் லூட்சராத் என்ற சிற்றூரைக் காவல்துறையை வைத்துக் காலிசெய்தார்கள். ஆக ஜெர்மனியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. ஆனால் 2020இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. கரி மின்சாரம் 2038க்குள் முடிவுக்கு வரவேண்டும். கரியை நம்பியிருந்த வட்டாரங்களின் மறுசீரமைப்புக்கு 4,000 கோடி யூரோ வரை தரப்படும். முடிவுத் தேதி ஒன்றும், அதற்குரிய தொகை ஒன்றும் காகிதத்தில் இருக்கின்றன. இந்தியாவில் இத்தகைய மாறுதலை ஆராய 2022இல் ஜார்க்கண்ட் அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. நெய்வேலிக்கு முடிவுத் தேதியும் இல்லை; தொகையும் இல்லை.

சூரியஒளி வந்துவிட்டதே, அது ஈடாகாதா என்று கேட்கலாம். நெய்வேலியிலேயே முதலில் 10 மெகாவாட்டும் பின்னர் 130 மெகாவாட்டும் நிறுவப்பட்டன. பெரும்பகுதி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது. அங்கே வெயிலும் தரிசும் மிகுதி என்பதால் அது பொறியியல்படி சரியான முடிவு. ஆனால் சுரங்கம் வேண்டும் அளவு ஆட்கள் சூரியத் தகடுகளுக்கு வேண்டியதில்லை. நிலம் கொடுத்தவரின் மகன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக, நிரந்தரமாகும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். சுரங்கம் சுருங்கும்போது முதலில் வெளியேறுபவரும் அவராகவே இருப்பார். டெல்லியின் கணக்கில் ஒரு மெகாவாட் கழிந்து ஒரு மெகாவாட் கூடுவது போலத் தோன்றுவது, ஊரின் கணக்கில் ஓரிடத்தில் இழப்பாகவும் வேறோரிடத்தில் வரவாகவும் இருக்கிறது.

இதற்கிடையே வானமும் இம்மாவட்டத்தை விட்டுவைக்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தாத்தா நட்ட மரங்கள் ஒரே இரவில் விறகாயின. 2015 நவம்பரில் பெருவெள்ளம். கடலூர் மாவட்டம் நீரில் மூழ்கிய அம்மாத இறுதியில்தான் பாரிஸில் உலகத் தலைவர்கள் கூடினர். எந்த ஒரு புயலையும் வெள்ளத்தையும் தனியே சுட்டி, இது கரியால் வந்தது என்று சொல்ல இயலாது. வெப்பம் கூடிய கடலிலிருந்து மழையும் புயலும் உக்கிரமாகும் என்று அறிவியல் சொல்கிறது. நாட்டுக்குக் கரி கொடுத்த மாவட்டமே அந்த உக்கிரத்துக்கு முன்வரிசையில் நிற்கிறது.

விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் இவ்வட்டாரத்தின் சொற்களைத் திரட்டி 'நடுநாட்டுச் சொல்லகராதி'யை உருவாக்கினார். மண், பயிர், கருவி, கால்நடை, நீர் என்று வாழ்வோடு ஒட்டிய சொற்கள். ஒரு வயல் சுரங்கத்துக்குள் போகும்போது அந்த வயலில் புழங்கிய சொற்களும் உடன் போகின்றன. இழப்பீட்டுப் பட்டியலில் மரத்துக்கு, கிணற்றுக்கு, கூரைக்குத் தனித்தனி வரி உண்டு. இவற்றுக்கு இல்லை. இருக்கவும் முடியாது. முடிகின்ற கணக்குகளையாவது எழுதவேண்டாமா?

அரசின் பருவநிலை அறிக்கையில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மெகாவாட் கூடியது என்று சொல்லப்படுகிறது. அதனருகே இன்னும் சில பத்திகள் வேண்டும். அந்த மெகாவாட்டின் பயனாக எந்தக் கரி நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும்? எந்தச் சுரங்கம் எந்த எல்லைக்கோட்டில் நிற்கும்? கரி எடுத்து முடித்து மூடப்பட்ட நிலம் யார் கைக்குப் போகும். அதில் பயிரிட முன்பு அங்கே இருந்தவர்களுக்கு இடமுண்டா? இறைத்த நீருக்கு ஈடாக ஊர்க் கிணறுகளுக்கு என்ன செய்யப்படும்? நிலம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேர் புதிய ஆற்றல் துறையில் வேலை பெற்றார்கள்? இவற்றுக்கு விடை எழுதத் தனி அறிவியல் எதுவும் தேவையில்லை. கேட்க ஒருவரும் எழுத ஒருவரும் போதும். 1957இல் நெய்வேலியைத் தொடங்கியவர்களுக்கு அதன் முடிவைப் பற்றி எண்ண நேரமில்லை; எண்ணவேண்டிய காலமும் அன்று. 2070 என்று ஓர் ஆண்டைக் குறித்துவிட்ட இன்றைய அரசுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த ஆண்டு வருவதற்குள் கம்மாபுரம் வட்டாரத்தில் இன்னும் இரண்டு தலைமுறை நிலத்தை நம்பி வாழவேண்டியிருக்கிறது.